ஏழு நிமிட மூத்தவளும் நூற்றுப் பதினெட்டும்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நம்மில் ஒருத்தி போனை வைத்துவிடுகிறோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்துக் காரியம் இல்லாமல் எழுதமாட்டாள் என்றுதானே நினைக்கிறாய்? காரியம்தான்.

எனக்கு பிரஷர் 164/102. மாத்திரை போட்டும் இதுதான். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. பிரஷரும் இருந்து, ரத்தத்தில் வைட்டமின் டியும் குறைவாக இருக்கிற இரட்டையரை மட்டும்தான் சேர்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் போனேன், திருப்பி அனுப்பினார்கள்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகம் ரெனின் என்று ஒன்றைச் சுரக்கிறதாம். அது ஒரு ஹார்மோனைக் கிளப்பிவிட, அது இன்னொன்றைக் கிளப்பிவிட, கடைசியில் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ரத்தக் குழாய் இறுகுகிறது, பிரஷர் ஏறுகிறது. வைட்டமின் டி போய் அந்த ரெனினை அடக்குமாம். எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். "மனுஷங்களுக்கும் அப்படி நடக்குமான்னு எங்களுக்குத் தெரியாதும்மா, அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே" என்றார். தெரியாத விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு படம்?

அப்பா ஐம்பத்தோரு வயதில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நமக்கு நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. உனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு என்று சித்தி சொன்னாள். உன் ஊர் ஆஸ்பத்திரியிலும் இதே ஆராய்ச்சி உண்டாம். போய்ச் சேர். எனக்காக வேண்டாம், அம்மாவுக்காகச் சேர்.

ஏழு நிமிடம் மூத்தவள்


ஜனவரி 21

அன்புள்ள கோர்ட்டுப் பதிவறை அம்மையாருக்கு,

"அம்மாவுக்காக" என்று ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நீ எத்தனை காரியம் சாதித்திருக்கிறாய்! இரண்டு வருஷம் முன்பும் அதைத்தான் சொன்னாய். அம்மாவை என்னோடு கூட்டிப்போக ஜீப் எடுத்துக்கொண்டு ஆறு மணி நேரம் வந்தேன். அம்மா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் "பெரிய பொண்ணு காலையிலேயே கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார். பிறகு உன் வாசலுக்கு வந்து மணி அடித்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. இதை எழுதினால்தான் மற்றதை எழுத முடியும், அதனால் எழுதிவிட்டேன்.

போய்ச் சேர்ந்துவிட்டேன். வெயிலில் அலைந்து நிலம் அளக்கிறவளுக்கு எப்படி டி குறையும் என்று நர்ஸுக்கு ஆச்சரியம். தொப்பி, முழுக்கை, கழுத்துத் துணி, கையுறை எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வெயில் உங்களைப் பார்த்ததே இல்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சின்னவள்


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். காது மட்டும் இன்னும் மந்தம். போனில் யார் பேசினாலும் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன், பூட்டிய வீடு வருகிற பத்தியைத் தவிர.

எனக்கு டி அளவு 9. உனக்கு 17 என்று ஆராய்ச்சி நர்ஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இருபதாவது இருக்க வேண்டுமாம், இரண்டு பேருக்கும் குறைவுதான். ஆனாலும் அங்கேயும் நீதான் முன்னால். பூமிக்குக் கீழே ஒரு தளம் இறங்கி, டியூப்லைட்டுக்கு அடியில் கோர்ட்டுக் கட்டுகளுக்கு நடுவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தால் 9தான் வரும்.

ஆறு மாத ஆராய்ச்சிக்கான மாத்திரைப் பாட்டில் வந்துவிட்டது. மேலே எண் மட்டும்தான் இருக்கிறது. ஜோடியில் ஒருத்திக்கு நிஜ மாத்திரை, மற்றவளுக்கு உள்ளே ஒன்றுமில்லாத மாத்திரை. எது யாருக்கு என்று கடைசி நாள் வரை டாக்டருக்கே தெரியாதாம். மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். எனக்கு வந்தது வெறும் மாத்திரைதான் என்று மனசு சொல்கிறது. நமக்குள் எதைப் பங்கு போட்டாலும் நல்லது உன் பக்கம்தான் போகும். பள்ளிக்கூடத்தில் சன்னலோர பெஞ்சு யாருக்குக் கிடைத்தது?

வீட்டு மெஷினில் இன்றைக்கு 162/100. உனக்கு எவ்வளவு? மறைக்காமல் எழுது.

மூத்தவள்


மார்ச் 4

மூத்தவளுக்கு,

மறைக்க என்ன இருக்கிறது? 118/76.

சன்னலோர பெஞ்சில் மழைச்சாரல் அடிக்கும், உனக்குச் சளி பிடிக்கும் என்று அம்மாதான் ஆசிரியையிடம் சொல்லி உன்னை உள்ளே தள்ளி உட்கார வைத்தாள். நனைந்தவள் நான். அது உனக்குத் தெரியாதா, மறந்துவிட்டாயா?

சின்னவள்


மார்ச் 15

அடி சின்னவளே,

118/76!

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் மேல்மாடி வீட்டு டீச்சரிடம் காட்டிவிட்டு வந்தாள். "என் சின்னது எப்பவுமே சமத்து. உடம்பைக்கூட சொன்னபடி கேக்க வச்சிருக்கா." தினமும் அவளுக்குக் காதில் சொட்டு மருந்து விடுகிறவள் நான். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவள் நான். டீச்சரிடம் காட்ட என்னிடம் ஒரு நம்பர் இல்லை.

பொறாமை என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. ஒரே வயிற்றில் ஒரே சமயத்தில் இருந்தோம். எனக்கு 164, உனக்கு 118 என்றால் நடுவில் இருக்கிற வித்தியாசம் அந்த மாத்திரை. வேறு என்ன?

ஒன்று கேட்கிறேன். நாமிருவரும் பாட்டிலை மாற்றிக்கொள்வோமா? மூன்று மாதம் நீ அனுபவித்துக்கொள், மிச்ச மூன்று மாதம் எனக்குக் கொடு. யாருக்குத் தெரியப்போகிறது?

மூத்தவள்


மார்ச் 25

மூத்தவளுக்கு,

மாற்ற முடியாது. நான் அளவு எடுத்துப் பிழைக்கிறவள். ஒரு எல்லைக் கல்லைப் பாதி நாளில் நகர்த்தி வைத்தால் அந்த நிலத்தின் கணக்கே கெட்டுவிடும். அது உனக்கும் தெரியும், இருந்தும் கேட்கிறாய்.

தவிரவும், எனக்கு நல்லது நடந்தால் அதை நீ பிடுங்கிக்கொள்வது இது முதல் தடவை இல்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினாயே, அதற்கு மட்டும் நன்றி. "என் சின்னது" என்று அவள் சொல்லி நான் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியாது. அந்த வரியைக் கத்தரித்து அளவுப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

இந்த வாரமும் 118தான். 120க்கு மேல் போகவில்லை.

சின்னவள்


மே 3

சின்னவளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நீ தராவிட்டால் என்ன, உலகத்தில் வேறு மருந்துக்கடையே இல்லையா? நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். இந்தத் தடவை நீ முன்னால் ஓடமுடியாது.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. இரண்டு மாதச் சோதனைக்கு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் தள்ளிப்போட்டேன். தாகம் தாங்கவில்லை. பதிவறையில் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டிலிருந்து ஐந்தாக்கிவிட்டேன். குடித்த தண்ணீர் நிற்பதும் இல்லை, கழிப்பறைக்குப் படி ஏறி இறங்கியே பொழுது போகிறது. வயிறு சுத்தமாகக் கட்டிக்கொண்டுவிட்டது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். வெயில் காலம், அதுதான்.

பிரஷர் 172/108. ஏன் இறங்கவில்லை என்று புரியவில்லை. ஏறும்போது தாமதமாக ஏறியது இறங்கவும் தாமதமாகும் போலிருக்கிறது.

பதிவறையில் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டிலிருந்து ஐந்தாக்கிவிட்டேன். நேற்று எழுபத்தெட்டாம் வருஷக் கட்டை எண்பத்தேழில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் இது முதல் தடவை.

மூத்தவள்


மே 12

மூத்தவளுக்கு,

தண்ணீர்ப் பாட்டில் கதையை ஒரே கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். உன் எழுத்தும் கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் என் எழுத்து கோணல் என்று என் தலையில் குட்டினவள் நீ.

என்ன ஏற்பாடு செய்துகொண்டாய்? என்ன மருந்துக்கடை? சண்டையை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். உடனே பதில் எழுது. இல்லை, போன் செய். நீ வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன்.

சின்னவள்


மே 19

சின்னவளே,

போன் வேண்டாம். உன் குரல் நன்றாக இருக்கும். 118 உள்ளவளின் குரல்.

சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்தால்தான் என்ன. போன வருஷம் எலும்பு டாக்டர் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு இருந்தது. அறுபதாயிரம் யூனிட் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று. எலிக்கு வேலை செய்தது எனக்கு ஏன் செய்யாது? வாரத்துக்கு ஒன்று போட்டால் உன்னை எப்போது பிடிப்பது? தினம் ஒன்று போடுகிறேன். மார்ச் கடைசியில் ஆரம்பித்தேன். ஒரே கடையில் கேட்டால் கேள்வி கேட்பார்கள் என்று நாலு கடை வைத்திருக்கிறேன். வைட்டமின்தானே, விஷமா?

இன்றைக்கு 178/110. வாந்தி. எழுந்து நின்றால் கால் இல்லாத மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. 118 வரும்வரை நிறுத்தமாட்டேன். நீ செய்ததை நான் செய்ய முடியாதா? ஒரே வயிறு. ஒரே நாள்.

நாலு கடை வைத்திருக்கிறேன். அவர்கள் கேள்வி


மே 22

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரை நன்றாகப் பார். எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர். வயது ஐம்பத்தெட்டு. இன்றுவரை ஒரு மாத்திரை சாப்பிடாதவர். உன் மெஷினை எடுத்து அவர் கையில் கட்டிப் பார். 118 வரும். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. அந்த நம்பர் இவருடையது. என்னுடையது இல்லை.

மார்ச் தொடக்கத்தில், "உனக்கு எவ்வளவு?" என்று நீ கேட்ட கடிதம் வந்த அன்று ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு 160/100. "எனக்கும் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று அவர் கையை நீட்டினார். அழகான நம்பர். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா என் வீட்டில் இருக்கிறாள், பிரஷரும் என்னுடையதுதான் பெரிது" என்று நீ எழுதின மாதிரி எனக்குப் பட்டது. வியாதியில்கூட நீ அம்மாவின் மடியில் இருக்கிறாய் என்று எரிச்சல். ஒரு தடவையாவது உன்னை வயிறெரிய வைக்க வேண்டும் என்று அவர் நம்பரை எழுதிவிட்டேன். பிறகு அம்மா "என் சின்னது" என்று சொன்னதை நீ எழுதினாய். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மறுபடியும் அதையே எழுதினேன்.

நீ இரண்டு மாதமாகப் பொறாமைப்பட்டது எங்கள் டிரைவரின் பிரஷரைப் பார்த்து, அக்கா. அதைப் பிடிக்கத்தான் நீ விஷம் சாப்பிடுகிறாய். ஆமாம், விஷம்தான். ஆராய்ச்சி நர்ஸிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். டி அளவுக்கு மேல் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறுமாம். தாகம், வாந்தி, மறதி எல்லாம் அதுதான். பிரஷரை ஏற்றுவதும் அதுதான். நீ இறங்கும் இறங்கும் என்று விழுங்கினதெல்லாம் உன்னை ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் போய்விடும், இதயம் நின்றுவிடும் என்றாள்.

நான் கீழே தெருவில் ஜீப்பில்தான் இருக்கிறேன். நான் மணி அடித்தால் நீ திறக்கமாட்டாய், அதனால் இவரை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியாகிவிட்டது. என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் இறங்கி வந்து திட்டு. நடக்க முடியாவிட்டால் இவரிடம் சொல், நான் மேலே வருகிறேன்.

தங்கை


ஜூன் 10

தங்கைக்கு,

படுக்கையில் எழுதுகிறேன். நீ என் வீட்டில் அம்மாவோடு இருக்கிறாய், நான் நாலு தெரு தள்ளி இங்கே. இருந்தாலும் நேரில் நீ வந்தால் நான் அழுகிறேன், நீ ஆரஞ்சு உரிக்கிறாய், ஒன்றும் பேச முடிவதில்லை. அதனால் இதை, இன்றைக்கு என்னைப் பார்க்க வந்த டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கால்சியம் 13.8ல் வந்தேனாம். டி அளவு 212. ஒன்பதில் கிடந்தவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு! எதிலாவது உன்னை முந்தினேனா இல்லையா? முதல் வாரம் முழுக்க ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். இப்போது கால்சியம் 10.9. டி கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளுமாம், முழுசாக வடிய மாதக் கணக்காகும் என்கிறார்கள்.

அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த மனுஷரை உட்காரவைத்து மெஷினைக் கட்டினேன். பட்டை இரண்டு தடவை கழன்றுவிட்டது. "மெதுவாக் கட்டுங்கம்மா, அவசரமில்ல" என்றார். 118/76. அந்த நம்பரைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம் எதுவும் சரியாக ஞாபகமில்லை. நீ படியேறி ஓடிவந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. கதவு அப்போது திறந்துதான் இருந்தது.

இதைக் கேள். நான் இந்த நிலைமையில் வந்ததால் ஆராய்ச்சி டாக்டர் என் பாட்டில் எண்ணுக்கான உறையைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. எனக்குக் கொடுத்தது எது தெரியுமா? நிஜம். முதல் நாளிலிருந்து நிஜ மாத்திரை என் கையில்தான் இருந்திருக்கிறது. ஜோடியில் வெறும் மாத்திரை உனக்கு. உன்னிடமிருந்து நான் பிடுங்க நினைத்ததில் ஒன்றுமே இல்லை.

அம்மாவை அன்றைக்கு அப்படி அழைத்து வந்தது தப்பு. நீ வருகிறாய் என்று தெரிந்துதான் காலையிலேயே கிளம்பினேன். இதைச் சொல்ல இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். கிளம்பும்போது அம்மா என் கையில் மெஷினைக் கட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். 158/98. பயந்துகொண்டே அவள் காதருகே சொன்னேன். "பரவாயில்ல, அதுவும் என் புள்ளதான்" என்றாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்குப் போதும்.

வந்ததிலிருந்து உண்மையான நம்பர்கள் கீழே. தொப்பியோடு, முழுக்கையோடு, பொய்யில்லாமல்.

திங்கள் 156/98. புதன் 160/100. நேற்று 156/96.

மாத்திரையை மாற்ற டாக்டரிடம் போக வேண்டும். அளவு வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

தங்கை


ஜூலை 18

தங்கைக்கு,

ஆராய்ச்சியின் முதல் நாள் எடுத்த ரத்தத்தில் ரெனின் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் பார்த்துவிட்டு எனக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். வைட்டமினுக்கு அடங்காதது இந்த மாத்திரைக்கு அடங்குகிறது. இன்றைக்கு 138/88.

உன் 156ஐயும் என் 138ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நான் பதினெட்டு குறைவு. பொய் சொல்லமாட்டேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. மேல்மாடி வீட்டு டீச்சரிடம் காட்டச் சொல்லி அம்மாவிடம் கொடுக்க எழுந்துவிட்டேன். பாதி வழியில் உன் கடைசி வரி கண்ணில் பட்டது: தள்ளிப்போட்டிருக்கிறேன். அதே சொல்லை நானும் எழுதியிருந்தேன், இரண்டு தடவை. அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வேலை முடியட்டும் என்று.

வரும் செவ்வாய்க்கிழமை இதே டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். காலை பத்து மணி. ஜீப்பை எடுத்துக்கொண்டு வா. பூட்டு இருக்காது. வராவிட்டால் நான் பஸ் ஏறி உன் அளவுக் கல்லுக்கே வந்துவிடுவேன், வெயிலில், தொப்பியில்லாமல்.

உன்னைப் பார்த்து வயிறெரிந்தே நாற்பத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். நீ போய்விட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

அக்கா